என் குரலைக் கேட்பவர் யாராயினும்

ஃபுஸ்தாத், மர்ஹெஷ்வான் மாதத் தொடக்கம்

என் உயிரான அண்ணன் பர்ஹூனுக்கு இறைவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். உன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களுக்கு வேறு வேலை கொடுக்கட்டும்.

தங்கை துர்ஃபா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே. கூடாரப் பண்டிகைக்கு நீ இல்லாததால் முற்றத்துப் பந்தலை நானே போட்டேன். இரண்டாம் நாளே அது சாய்ந்து, அடுத்த வீட்டுக்காரியின் மொச்சைக் குழம்பில் ஓலை விழுந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ரொம்ப நிம்மதியாக இருக்கிறது.

மிளகு வாங்கக் கூஸ் வரைக்கும் போயிருக்கிறாய். இன்னும் கொஞ்சம் தள்ளி, ஐதாப் துறைமுகத்துக்குப் போகிற பாலைவன வழியையும் பார்த்துவிட்டு வா. மவ்ஹூப் காணாமல் போனது அந்த வழியில்தானே. போன வாரம் மறுபடியும் நம் யூத நீதிமன்றத்துக்குப் போனேன். அதே கேள்விகள். உன் கணவனின் பிணத்தைப் பார்த்தவர் உண்டா? அவன் செத்தான் என்று கேள்விப்பட்டவர் உண்டா? இல்லையென்றால் நீ மவ்ஹூபின் மனைவி. தலை நரைத்தாலும் மவ்ஹூபின் மனைவி.

மற்ற வியாபாரிகள் கிளம்பும்போது, இத்தனை காலத்துக்குள் திரும்பாவிட்டால் மனைவிக்கு விடுதலை என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். மவ்ஹூபிடம் நீயே கேட்டாய். "செத்தாலும் இவள விடமாட்டேன் மச்சான்" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பெரிதாக மதிக்கிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? சாயக்காரன் ஃபுரைஜ் என்னைக் கேட்கிறான். எனக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. முழங்கை வரை நீலம் ஏறிப்போன கை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கை தினமும் என் வாசலில் ஒரு குடம் தண்ணீரை வைத்துவிட்டுப் போகிறது. வசந்தத்தில் வருகிற பெசாஹ் பண்டிகைக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால், அலெக்சாண்டிரியாவில் இருக்கிற மாமன் மகளை அவனுக்குக் கட்டிவைத்துவிடுவாளாம் அவன் அம்மா. செத்தவனோ இருக்கிறவனோ, மவ்ஹூபைக் கண்டுபிடி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கூஸ், மர்ஹெஷ்வான் மாதக் கடைசி

பந்தல் போடத் தெரியாத என் தங்கை துர்ஃபாவுக்கு இறைவன் சமாதானம் தரட்டும். அண்ணன் பர்ஹூன் நலம். இருமல் போய்விட்டது. நீ கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை ஒரு படகோட்டி தின்றுவிட்டான். அவன் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் மிளகை அப்படியே வைத்துவிட்டேன். நாளை கிளம்புகிற கூட்டத்தோடு ஐதாப் வழியில் போகிறேன். நம் ஆட்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள். கைருவான் ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி. பெரியவர் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு விதி சொல்லுவார். ரொட்டி கருகினால் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார். தம்பி எதற்கும் வாய் திறப்பதில்லை. அண்ணன் விட்டால்தானே!

ஒட்டகக்காரர்களை விசாரித்தேன். மவ்ஹூப் சரக்கோடு உம்மு ஸம்ர் தங்கல் வரை வந்தான், அங்கிருந்து கூட்டம் கிளம்பியபோது அவன் இல்லை என்கிறார்கள். யாரும் தேடவில்லையாம். அங்கே போய் விசாரிக்கிறேன்.

ஃபுரைஜிடம் சொல், என் தங்கை குடத்துக்கு மயங்குகிற ஆள் இல்லை என்று. பிறகு அவன் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது.

உம்மு ஸம்ர் தங்கல், கிஸ்லேவ் மாதம்

தங்கை துர்ஃபாவுக்கு இறைவன் ஆறுதல் தரட்டும். நான் நலம்.

இத்துடன் உன் விடுதலைச் சீட்டை வைத்திருக்கிறேன். நீதிமன்றத்தில் கொடு.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். இங்கே தண்ணீர் உள்ள கிணறு ஒன்று. சற்றுத் தள்ளி வேலமரத்தடியில் வற்றிப்போன பழைய கிணறு ஒன்று. மாலைத் தொழுகைக்கு நாங்கள் மூவரும் அந்தப் பக்கமாக ஒதுங்கி நின்றோம். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் ஃபுஸ்தாத் ஊர் ஹஸ்ஸான் மகன் மவ்ஹூப். என் குரலைக் கேட்பவர் யாராயினும், என் மனைவி யாகூப் மகள் துர்ஃபாவுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுங்கள்" என்றது. மூவரும் கேட்டோம்.

விதி உனக்கே தெரியும். குழியில் கிடக்கிறவன் இப்படிச் சொன்னால், அவனை முன்பின் தெரியாதவன்கூட உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். காத்திருக்கக் கூடாது. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். கைருவான்காரர்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் அவர்கள் ஐதாபுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து கப்பல் ஏறியிருப்பார்கள்.

இனி நீ யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபுஸ்தாத், தேவேத் மாதம்

என் கண்ணான அண்ணனுக்கு, என்னை மறுபடியும் பெற்றெடுத்தவனுக்கு, இறைவன் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லையே, காய்ச்சலா?

சீட்டைப் பார்த்ததும் அழுதேன். மவ்ஹூபுக்காகக் கொஞ்சம்தான் அழுதேன், மீதியெல்லாம் எனக்காக. பிறகு அரிசி களைந்தேன். துக்கம் இருக்கிற வீட்டில் அப்படிப் பசிக்கக் கூடாது, ஆனால் எனக்குப் பசித்தது. ஃபுரைஜிடம் சொன்னபோது, குடத்தை வாசலில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நின்றது அழகாக இருந்தது. கேலி பண்ணினால் பண்ணிக்கொள்.

நீதிமன்றத்தில் மட்டும் சிக்கல். இரண்டு நீதிபதிகளும் சீட்டைப் படித்தார்கள். பெரியவர் ஷெலா அதைக் கீழே வைத்துவிட்டு, "குரல் கேட்டுது, சரி. ஆளப் பாத்தானா? நிழல் விழுந்துதா? நிழலுக்கு ஒரு நிழல் விழுந்துதா?" என்று கேட்டார். பேய்க்கு நிழல் இருக்குமாம், நிழலின் நிழல் இருக்காதாம். மனிதக் குரலில் ஏமாற்றுவதற்குப் பேய்களுக்குப் பாழும் கிணறுதான் பிடித்த இடமாம். பேய் சொல்லி எழுதிய சீட்டு வெறும் தோல் துண்டுதான் என்கிறார். இளையவர் யெஃபெத் சிரித்தார். அவர் பாக்தாதில் எல்லா மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து அறிவை மட்டும் வைத்து வாதாடுகிற சபைகளில் பழகியவர். "உங்க பேய் விடுதலைச் சீட்டோட வாசகத்த எந்தப் பள்ளியில படிச்சுது பெரியவரே?" என்றார். அன்றைக்கு அதோடு கலைந்தார்கள்.

ஆகவே எழுது. உள்ளே எட்டிப் பார்த்தாயா? நிழல் தெரிந்ததா? எனக்கும் ஒன்று உறுத்துகிறது. செத்தாலும் விடமாட்டேன் என்றவன், எப்படித் தானாகவே என் பெயரைச் சொல்லி என்னை விட்டான்?

நீ ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய்? கூஸில் உன் மிளகு தனியாகக் கிடக்கிறது.

உம்மு ஸம்ர், தேவேத் மாதக் கடைசி

தங்கை துர்ஃபாவுக்கு இறைவன் எல்லா நலமும் தரட்டும். நான் நலம்தான். ஒட்டகத்துக்குத்தான் காலில் முள். அது ஆறும்வரை கிளம்ப முடியாது.

இந்த ஊர் உனக்குப் பிடிக்காது. பேசுவதற்கு ஆள் கிடையாது. நீ யாரோடு சண்டை போடுவாய்? ஊர்த் தலைவர் முஃப்ரிஹ் நல்ல மனுஷர். ஆட்டுப் பாலில் பேரீச்சம்பழத்தைப் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறார். நம் சாப்பாட்டு விதி தெரிந்து எனக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கிவைத்திருக்கிறார். நம் வீட்டு ஆட்களே இவ்வளவு பார்க்கமாட்டார்கள்.

பழைய கிணற்றுப் பக்கம் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் கல் எறிந்து விளையாடினார்கள். அதட்டி விரட்டினேன். பிறகு ஊர்க்காரர்களை எல்லாம் உட்காரவைத்துப் புரியும்படி சொன்னேன். அதிலிருந்து எந்தக் குரல் வந்தாலும் யாரும் கிட்டே போகக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, முக்கியமாகக் கயிறு விடக் கூடாது. யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நம்பக் கூடாது. நமக்குத் தெரிந்தவர் பெயரைச் சொல்வதுதான் அதன் வித்தை என்றேன். முஃப்ரிஹ் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். படித்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது என்றார்.

நிழலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிணற்றுக்குள் அப்போது வெயில் இறங்கவில்லை.

இங்கே குளிர் அதிகம். உன் கம்பளிப் போர்வையை எடுத்து வராதது தப்பாய்ப் போயிற்று.

ஃபுஸ்தாத், ஷேவாத் மாதம்

என் அண்ணன் பர்ஹூனுக்கு இறைவன் தெளிவைத் தரட்டும். நான் நலம். போர்வையை இந்தக் கூட்டத்தோடு அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தோடு நீ வந்துவிட்டால் அது உனக்குத் தேவைப்படாது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். யெஃபெத் ஜெயித்துவிட்டார். மூன்று அமர்வு வாதாடினார். படைத்தவன் ஒருவன், அவன் படைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் இல்லாமல் கிணற்றில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒன்றும் கிடையாது என்றார். "பேய்ங்கிறது நம்ம பயத்துக்கு நாமளே வெச்ச பேரு. குரல் இருந்தா தொண்டை இருக்கு, தொண்டை இருந்தா மனுஷன் இருக்கான்" என்றார். ஷெலா தாடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், பர்ஹூன் நேரில் வந்து அது மனிதன்தான் என்று சத்தியம் செய்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று இறங்கிவந்தார். வாசலில் ஃபுரைஜ் என் செருப்பை எடுத்து நேராக வைத்தான். ஊரே பார்த்தது.

வீட்டுக்கு வந்து மாவு பிசைந்தேன். பாட்டுக்கூடப் பாடினேன். பாதியில் கை நின்றுவிட்டது. குரல் இருந்தால் மனிதன் இருக்கிறான் என்று யெஃபெத் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

அண்ணா, மனிதன் என்றால் நீ கயிறு விடவில்லையா?

சீட்டோடு வந்த உன் கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். குரல் கேட்டது, எழுதினாய், சாட்சி போட்டார்கள், அவர்கள் போனார்கள். அவனை மேலே தூக்கினாய் என்று எங்கேயும் இல்லை. அவன் செத்தான் என்றும் இல்லை. அது பேய் என்றால் சீட்டு செல்லாது, என் வாழ்நாள் முழுக்க நான் மவ்ஹூபின் மனைவி. மனிதன் என்றால் எனக்கு விடுதலை. ஆனால் தாகத்தில் கத்திய ஒருவனை நீ அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று ஆகிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதைச் சொன்னாலும் நம்புகிறேன்.

மேல்வயிற்று வலி மறுபடி வந்ததா? சோம்பு போட்டுக் குடி.

ஃபுஸ்தாத், அதார் மாதத் தொடக்கம்

அண்ணனுக்கு, நலமா? நான் நலம்.

கூஸிலிருந்து இரண்டு கூட்டங்கள் வந்துவிட்டன. இரண்டிலும் உன் கடிதம் இல்லை. ஒட்டகக்காரனைப் பிடித்து விசாரித்தேன். "உங்க அண்ணனா? நல்லாத்தான் இருக்காரு. ஒட்டகமும் நல்லாத்தான் ஓடுது. பொழுது பூரா அந்தப் பாழுங்கெணத்து மேட்டுலதான் குந்தியிருக்காரு. நாங்க கிட்டப் போனா வெரட்டுறாரு" என்றான்.

ஒட்டகத்தின் கால் நன்றாக இருக்கிறதா? அப்புறம் ஏன் வரவில்லை? அந்த மேட்டில் உட்கார்ந்து யாரோடு பேசுகிறாய்? எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வரி எழுது.

உம்மு ஸம்ர், அதார் மாத நடுவில்

என் தங்கை துர்ஃபாவுக்கு இறைவன் எல்லா நலமும் தரட்டும். நான் நலம் என்று இதுவரை எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நான் தூங்கி நாளாயிற்று.

கேட்டாய், சொல்கிறேன். கயிறு இருந்தது. அந்தக் கிணற்றின் அடி வரைக்கும் எட்டும் கயிறு என் ஒட்டகத்தின்மேலேயே இருந்தது.

சீட்டை எழுதி முடித்ததும் உள்ளேயிருந்து, "மச்சான், எழுதியாச்சா?" என்று கேட்டது. நான் யார் என்று அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை துர்ஃபா. எழுதியாச்சு என்றேன். "அப்ப கயித்த விடு மச்சான். தாகமா இருக்கு" என்றது. கைருவான் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெழலப் பாத்தியா? பாக்காம எதையும் மேல இழுக்காத. வர்றது உன் தங்கச்சி புருஷன்தான்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரே இருட்டு.

இதையும் எழுதிவிடுகிறேன். சீட்டு என் கையில் இருந்தது. மை காயவில்லை. அவன் மேலே வந்தால், தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே அதைக் கிழித்துப் போடுவான். அது எனக்கு நன்றாகத் தெரியும். பேயை நினைத்துப் பயந்தேனா, இதை நினைத்துப் பயந்தேனா? இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு தங்கலுக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் மனசு கேட்காமல் கயிற்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். போனதும், "மச்சான், எழுதியாச்சா?" என்றது. களைப்பே இல்லாத குரல். கயிற்றை மேட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டது. நேற்றும் கேட்டது. உன் போர்வையைப் போர்த்திக்கொண்டு போனேன், "துர்ஃபா நெய்ததா மச்சான்?" என்றது.

தண்ணீர் இல்லாமல் ஒரு மனிதன் இத்தனை மாதம் பேசமாட்டான். யெஃபெத்தே வந்து கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார். ஆகவே அது மனிதன் இல்லை, சீட்டு செல்லாது, நீ கட்டுப்பட்டவள். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் உனக்கு எழுதாமல் இருந்தேன். ஊர்க்காரர்கள் யாராவது கேட்டுவிட்டுக் கூஸில் போய்ச் சொல்லக் கூடாது என்றுதான் அவர்களையும் பயமுறுத்தி வைத்தேன். நான் வாயை மூடிக்கொண்டால், ஒரு மனிதனைச் சாகவிட்டவன் என்ற பெயர் எனக்கு வரும். வந்தால் வரட்டும், நீ ஃபுரைஜோடு வாழலாம் என்று நினைத்தேன்.

ஆனால் பேசுவது எதுவாக இருந்தாலும், அடியில் மவ்ஹூபின் உடம்பு கிடக்கலாம். அவன் இடது சுண்டுவிரல் பாதிதான் என்பது ஊருக்கே தெரியும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சீட்டும் வேண்டாம், வாதமும் வேண்டாம். நீ விதவை, நாளைக்கே கல்யாணம் செய்துகொள்ளலாம். அதனால் இறங்கப் போகிறேன். இப்போது உச்சி வெயில் கொஞ்ச நேரம் அடிவரை விழுகிறது. இந்தக் கடிதத்தைக் காலையில் கூஸ் கூட்டத்திடம் கொடுத்துவிட்டு, மதியம் வேலமரத்தில் கயிற்றைக் கட்டி இறங்குவேன். துணைக்கு யாரையும் கூப்பிட முடியாது. நானே மிரட்டி வைத்த ஆட்கள், கிட்டே வரமாட்டார்கள்.

பார்த்ததும் எழுதுகிறேன். என்ன பார்த்தாலும் எழுதுகிறேன்.

ஃபுஸ்தாத், அதார் மாத நடுவில்

என் அண்ணன் பர்ஹூனுக்கு இறைவன் வீடு திரும்பும் வழியைக் காட்டட்டும். நான் நலம். இன்றும் உன் கடிதம் வரவில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

முடித்துவிட்டேன் அண்ணா. நேற்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று, அது பேய்தான், சீட்டைத் திருப்பித் தருகிறேன் என்றேன். யெஃபெத் பதறிப்போனார். "இல்லாத ஒண்ணுக்குப் பயந்து வாழ்க்கையைத் தொலைக்கிறியேம்மா" என்றார். எனக்குப் பயம் பேயிடம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஷெலா மட்டும் என்னைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். எழுந்து வந்து என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். சீட்டைக் கிழித்தார்கள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ஆனால் உன்னைக் கொலைகாரனாக்கி வைத்துவிட்டு அந்தச் சீட்டை வைத்து ஒரு குடித்தனம் நடத்த என்னால் முடியாது. நீ கயிறு விட்டாயா இல்லையா என்று இனிக் கேட்கமாட்டேன். சாகும்வரை கேட்கமாட்டேன்.

ஃபுரைஜிடம் சொன்னேன். அலெக்சாண்டிரியாவுக்குப் போ, மாமன் மகளைக் கட்டிக்கொள், பெசாஹ் வரைதானே கெடு என்றேன். "அது எங்கம்மா வெச்ச கெடு. நான் எப்ப வெச்சேன்?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை வைத்துவிட்டுப் போனான். இன்று காலையும் வைத்தான். அவனை என்ன செய்வது என்று நீ வந்து சொல்.

அந்தக் கிணற்றுப் பக்கம் இனிப் போகாதே. யார் கூப்பிட்டாலும் போகாதே. மிளகு கிடக்கட்டும், நீ வா. பெசாஹ் இரவுக்கு உன் தட்டை எடுத்து வைக்கிறேன்.

உம்மு ஸம்ர், ரபீஉல் அவ்வல் மாதம்

அளவற்ற அருளாளனின் பெயரால். ஃபுஸ்தாத் ஊர் யாகூபின் மகளார் துர்ஃபா அவர்களுக்கு, உம்மு ஸம்ர் முஃப்ரிஹ் ஸலாம் சொல்லி எழுதச் சொல்வது. எனக்கு எழுத்து வராது. ஹஜ்ஜிலிருந்து திரும்புகிற வழியில் தங்கியிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியரிடம் சொல்லி எழுதுகிறேன். நாங்கள் நலம். உங்கள் வீட்டிலும் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

உங்கள் அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாரே என்று எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காலையில் கூஸ் கூட்டத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம், அவர்களோடு அப்படியே போய்விட்டார் போலிருக்கிறது. நல்ல மனிதர்களுக்கு ஊர் ஞாபகம் வந்தால் அப்படித்தான். ஒட்டகத்தையும் அந்தப் புதுச் சட்டியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒட்டகத்துக்கு வேளாவேளைக்குத் தீனி வைக்கிறோம். நீங்கள் அவருக்கு எழுதிய கடிதம் நேற்று வந்தது. பிரிக்காமல் இத்துடன் அனுப்புகிறேன், நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அவருக்கு நாங்கள் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அவர் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் எங்கள் பிள்ளைகளில் ஒருவனாவது ஏமாந்திருப்பான். அவர் கிளம்பின அன்று மதியமே பழைய கிணற்றில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அவர் சொன்னது போலவே, எங்களுக்குத் தெரிந்த பெயராகப் பார்த்துத்தான் சொன்னது. "முஃப்ரிஹ், நான் பர்ஹூன், கயிறு அறுந்துடுச்சு" என்று கத்தியது. அச்சு அசல் அவர் குரல்தான். என் மனைவி அழுதேவிட்டாள். நான் அவளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

பேய் என்னமாய்க் கதை கட்டுகிறது என்று நினைக்கிறீர்கள்? "பாதிச் சுண்டுவெரல் இருக்கு, நானே பாத்தேன், எலும்பு பழசு, அவன் செத்து ரொம்ப நாளாச்சு. என் குரலைக் கேக்கறவங்க யாரா இருந்தாலும் என் தங்கச்சி துர்ஃபாகிட்டச் சொல்லுங்க, அவளுக்குக் கல்யாணம் ஆகணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு தண்ணீர் கேட்டது. தண்ணீர் எடுக்கப் போன பெண்கள், உள்ளே இரண்டு குரல் பேசிக்கொண்டதாகவும், ஒன்று மற்றொன்றை மச்சான் என்று கூப்பிட்டுச் சிரித்ததாகவும் சொல்கிறார்கள். பெண்கள் பயத்தில் எதையாவது சொல்வார்கள்.

இரண்டொரு நாளில் குரல் கம்மி, பிறகு அடங்கிவிட்டது. உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் சொன்னபடியே நடந்துகொண்டோம். ஒருவர்கூடக் கிட்டே போகவில்லை, ஒருவர்கூடக் கயிறு விடவில்லை.